சாரணர் படைக்கு ஆள் சேர்ப்பது: செட்டிநாட்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், எந்தப் பள்ளியையும் சாராத சாரணர் படை ஒன்றை நடத்திவருகிறோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊருணிக் கரையில் கூடுவோம். வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுவோம். எங்களிடம் இரண்டு வகையினர் கேள்வி கேட்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று தயங்கும் பெற்றோர் ஒரு வகை. தங்கள் ஊரில் படை தொடங்கிவிட்டு ஆள் கிடைக்காமல் விழிப்பவர்கள் இன்னொரு வகை. டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் இரு தரப்புக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டேன்.

சாரணர் என்றால் என்.சி.சி. தானே?

இல்லை. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. சாரணர் இயக்கத்துக்கும் ராணுவத்துக்கும் தொடர்பு கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. எங்கள் கையில் இருப்பது கயிறும் கம்பும் முதலுதவிப் பெட்டியும்தான்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இருபது சிறுவர்களை வைத்து நடத்திய கூடாரவாசத்தில் இது தொடங்கியது. 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்காததால் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனியாகவே ஒரு சங்கம் தொடங்கினார். அதில் இருந்த பையன்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். இப்படித் தனித்தனியாக இருந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் இயக்கமாக இணைந்தன. அடுத்த ஆண்டு பெண்கள் பிரிவான சாரணியரும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் பதிவு பெற்றிருப்பது இந்த இயக்கத்தில்தான்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பையன்களுக்குக் குருளையர், பெண் பிள்ளைகளுக்கு நீலப்பறவையர். பத்து வயதிலிருந்து பதினேழு வரை சாரணர், சாரணியர். மூத்தவர்களுக்கு இருபத்தைந்து வரை திரிசாரணர், திரிசாரணியர். எட்டாம் வகுப்பில் வந்து ‘தாமதமாகிவிட்டதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆகவில்லை. சொல்லப்போனால் எங்கள் அணித் தலைவர்களில் நன்றாக வேலை செய்யும் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு எங்கே போவது?

செட்டிநாட்டுக்காரர் யாரும் முதலில் சொல்வது இதைத்தான். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய வீடுகளின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் படிக்கிறார்கள். முகப்புத் திண்ணையில் காவல்காரர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் எங்கே முப்பது பிள்ளைகளைச் சேர்ப்பது என்று ஒரு வருடம் புலம்பினேன்.

பிறகு ஒரு நாள் மாலை பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எழுபதுக்கு மேல் எண்ணினேன். அந்தக் காவல்காரரின் பேத்தி அதில் ஒருத்தி. ஆத்தங்குடிக் கல் அச்சடிக்கும் பட்டறைத் தொழிலாளர், சமையல் வேலைக்குக் குழுவாகப் போகிறவர்கள், பழைய மரச்சாமான் கடைக்காரர், அரசு ஊழியர், வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் மற்றவர்கள். ஊர் என்றதும் நம் மனம் பெரிய வீட்டு வளவுகளை மட்டும் எண்ணுகிறது. வளவுக்குப் பின்னால் இருக்கும் தெருவை எண்ணுவதில்லை.

நகரத்தார் என்ற செட்டியார் சமூகத்தின் கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக் கணக்கு எடுக்கும்போது யாரையும் விட்டுவிட முடியாது, வரி வரவேண்டுமே! அதே கறாரோடு ஊரில் பத்து முதல் பதினேழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசினால் எந்தத் தெருவில் பிள்ளைகள் அதிகம் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான ஊர்களில் பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. அவர்களை முகம் பார்த்துக் கூப்பிடும் பெரியவர்களுக்குத்தான் பஞ்சம். கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பஞ்சத்தைப் பற்றியவைதாம்.

ஃபிளெக்ஸ், நோட்டீஸ், வாட்ஸ்அப் இவற்றில் எது பலன் தரும்?

முதல் வருடம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் வைத்தோம். ஒரே ஒரு பையன் வந்தான். கிரிக்கெட் பயிற்சி என்று நினைத்து மட்டையோடு வந்தான். மூன்றாம் நாள் காற்றில் கிழிந்த ஃபிளெக்ஸ் ஒரு கீற்றுக் கொட்டகைக்குக் கூரையானது. அதுதான் அதன் முழுப் பயன்.

நம் பகுதியில் கல்யாண அழைப்பைத் தபாலில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் எத்தனை பேர் வருவார்கள்? நேரில் போய், பெயர் சொல்லி, ‘நீங்கள் வந்தால்தான்’ என்று சொன்னால்தானே வருகிறார்கள்? பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் படையில் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் நண்பன் கூப்பிட்டு வந்தவர்கள். வருடத்துக்கு இரண்டு ஞாயிறுகளை ‘தோழனை அழைத்து வா’ நாளாக வைத்திருக்கிறோம். அன்று பேச்சு கிடையாது; வரவேற்புரையும் கிடையாது. கயிற்றுப் பாலம் கட்டிக் கடப்பது, திசைகாட்டி வைத்து ஒளித்த பொருளைத் தேடுவது, விறகடுப்பில் சப்பாத்தி சுடுவது. கருகிய சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் போன பிள்ளை அடுத்த வாரமும் வருகிறது.

வாட்ஸ்அப் குழு வேண்டும்தான். வந்தவர்களுக்குச் செய்தி சொல்ல. வராதவர்களை அது வரவழைக்காது.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். என்ன பேசுவது?

நீங்கள் பேசாதீர்கள். இரண்டு பிள்ளைகளைப் பேசவிடுங்கள். நாற்பது வயதுக்காரர் சீருடையோடு நின்று ஒழுக்கம், தேசபக்தி, ஆளுமை வளர்ச்சி என்று அடுக்கினால், வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தலைமையாசிரியர் வந்துவிட்டதாகவே தோன்றும்.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் தேசிய அளவில் வைரவிழாப் பெருந்திரளணி என்ற சாரணர் பெருமுகாம் நடந்தது. அங்கே போய்வந்த பையன் ஒருவனைப் பக்கத்துப் பள்ளிக் கூட்டத்தில் நிறுத்தினோம். அவன் சொன்னது இவ்வளவுதான்: கூடாரத்தில் தூங்கினேன், குளிரில் நடுங்கினேன், வேறு மாநிலத்துப் பையன் ஒருவனோடு கைச்சாடையிலேயே சிநேகமானேன், என் சட்டையில் இருந்த சின்னத்தைக் கொடுத்து அவனுடையதை வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்னத்தை எடுத்துக் காட்டினான். அவ்வளவில் எனக்கே மறுபடியும் பன்னிரண்டு வயதாகிவிடக் கூடாதா என்று இருந்தது.

இன்னொன்று: கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுப்பவர்களின் பட்டியலை அங்கேயே எழுதி, அதே வார ஞாயிறே முதல் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ‘பிறகு சொல்கிறோம்’ என்ற ஒரு வார்த்தையில் ஒரு வருடம் நாற்பது பெயர்களைத் தொலைத்தோம்.

தலைமையாசிரியர் அனுமதிப்பாரா என்று கேட்கிறீர்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே படை இருந்தால் அதன் சாரண ஆசிரியரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவருடைய பிள்ளைகளை இழுக்க வரவில்லை, படை இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்காகவே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெளிவாகட்டும். நாங்கள் இதைச் செய்யாமல் ஒரு முறை மனத்தாங்கல் ஆனது. தவறு எங்கள் மீதுதான்.

படிப்பு கெட்டுவிடாதா? வேலை கிடைக்குமா?

வாரம் ஒன்றரை மணி நேரத்தில் கெட்டுப்போகும் படிப்பு ஏற்கெனவே கெட்டுப்போனதாகத்தான் இருக்கும் என்று பதில் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அந்தத் தாயின் பயம் உண்மையானது. அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுக் காலங்களில் கூட்டம் கிடையாது என்பதை எழுத்தில் கொடுங்கள். நாங்கள் ஜூன் மாதமே வருட நாட்காட்டியை அச்சிட்டு வீட்டில் ஒட்டக் கொடுத்துவிடுகிறோம்.

வேலையைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்ந்த தகுதி வேண்டும்; இடங்களோ மிகச் சில. அதைக் காட்டி ஆள் சேர்ப்பது லாட்டரிச் சீட்டைக் காட்டிக் கல்யாணம் பேசுவதற்குச் சமம். பிரவேஷ் என்ற நுழைவு நிலையை முடித்து, பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்ற மூன்று படிகள் ஏறி, ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருது வரை போகிற பிள்ளைகள் குறைவு. நடுவில் நின்றுவிட்டாலும் மயங்கி விழுந்தவரை எப்படிக் கிடத்துவது, 108க்குப் பேசும்போது இடத்தை எப்படிச் சொல்வது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாமா?

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் படையில் சேர்க்காதீர்கள்; எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் விதிகள் இவை. சாரணியருக்குப் பெண் பொறுப்பாளர் கட்டாயம். அவர் வராத ஞாயிறு அவர்களுக்குக் கூட்டம் இல்லை. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதுவும் மற்றவர் கண் பார்வையில். தனிப்பட்ட எண்ணிலிருந்து பிள்ளைக்கு இரவுச் செய்தி அனுப்பும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கூட்டம் நடக்கும்போது பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் முகாமுக்குப் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையும் பஸ் ஏறாது.

புதிதாக வரும் ஒவ்வொரு தொண்டருக்கும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் சொல்கிறோம். பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் புகார் செய்வது அந்தச் சட்டப்படி கடமை. ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எங்கள் முதலுதவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறது. முதல் நாளே பிள்ளைகளை அதை வாசிக்கச் சொல்வோம்.

யாரைத் தொண்டராகச் சேர்க்க மாட்டீர்கள்?

மேலே சொன்ன விதிகளைக் கேட்டதும் ‘என்னையே சந்தேகப்படுகிறீர்களா?’ என்று முகம் சிவப்பவரை. காவல்துறை நன்னடத்தைச் சான்று கொண்டுவர மறுப்பவரை. கட்சிக் கொடியையோ தன் அமைப்பின் பெயரையோ பிள்ளைகளின் தோளில் ஏற்றப் பார்ப்பவரை. பிறகு, கையில் பிரம்பு இல்லாமல் பேசத் தெரியாதவரை. இந்தக் கடைசி வகையில் நல்ல மனிதர்களும் உண்டு. அவர்களுக்குக் கணக்கு நோட்டையும் கூடாரச் சாமான்களையும் கொடுத்திருக்கிறோம். அற்புதமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒருவரை ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவது சின்ன ஊரில் கடினம். நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டும். இருந்தாலும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

சரி, பெரியவர்களை எங்கே பிடிப்பது? எல்லோரும் ‘நேரம் இல்லை’ என்கிறார்களே?

‘ஊருக்குச் சேவை செய்ய வாருங்கள்’ என்று கூப்பிட்டிருப்பீர்கள். அப்படிக் கூப்பிட்டால் எனக்குக்கூட நேரம் இருக்காது. சேவை என்ற சொல்லுக்கு ஆரம்பமும் தெரிவதில்லை, முடிவும் தெரிவதில்லை. உள்ளே போனால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயம்தான் ‘நேரம் இல்லை’ என்று வாயில் வருகிறது.

நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக் கணக்குப் பார்க்க எப்படிப் போனார்கள்? மூன்று வருடத் தவணை. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பலாம். முடிவு தெரிந்ததால்தான் கப்பல் ஏறத் துணிந்தார்கள். தொண்டருக்கும் தவணை சொல்லுங்கள். ‘வருகிற மாதம் மூன்று ஞாயிறு, காலை ஏழு முதல் எட்டரை வரை, எட்டுப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர முடியுமா அண்ணே?’ என்று கேட்டபோது, மூன்று வருடமாக நேரம் இல்லாத ஒரு சைக்கிள் கடைக்காரர் உடனே சரி என்றார். மூன்று ஞாயிறு ஆறானது. இப்போது அவர்தான் எங்கள் நடைப்பயணங்களுக்குப் பின்காவல்.

ஆகவே முதலில் வேலைகளைப் பட்டியலிடுங்கள், பிறகு அந்த வேலைக்கு உரிய ஆளைத் தேடுங்கள். எங்கள் நோட்டில் இருந்த சிலவற்றைச் சொல்கிறேன். வருகைப் பதிவு எழுத ஒருவர். ஓய்வு பெற்ற தபால் ஊழியர் கிடைத்தார். முதலுதவி சொல்லித்தர ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், வருடத்துக்கு இரண்டு நாள். ஊருணியில் இறங்கும்போது கரையில் நிற்க நன்றாக நீந்தத் தெரிந்த இருவர். இந்த ஊர்களில் கோடை விடுமுறைக்கு வந்து ஊருணியிலும் கண்மாயிலும் மூழ்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்படாத ஆண்டு இல்லை என்பதால் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நல்ல பாம்பு எது, சாரை எது என்று காட்ட ஒருவர். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றிக் கல் வார்ப்பவர் ஒருவர், தன் பட்டறையிலேயே ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தான் ஒரு ‘தொண்டர்’ என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஓர் ஆச்சி. பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். எங்கள் பிள்ளைகள் கடைக்குப் போய்வரவும் மின்கட்டணம் கட்டவும் உதவத்தான் முதலில் போனார்கள். சாரணரின் தினசரி நற்செயல் அது. நாலாவது வாரம் ஆச்சி கூடமான பட்டாசாலையில் பாய் விரித்து, பனையோலைக் கொட்டான் கூடை பின்னக் கற்றுத்தர ஆரம்பித்துவிட்டார். யார் யாருக்குத் தொண்டு செய்கிறார்கள் என்பது குழம்பிப்போன நல்ல நாள் அது. உங்கள் ஊரிலும் அப்படிப் பத்து ஆச்சிகள் இருப்பார்கள். கேட்பதற்குத்தான் யாரும் படியேறியிருக்க மாட்டார்கள்.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பொதுவாகக் கேட்காதீர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குப் போங்கள். என்ன வேலை, எத்தனை நாள், உடன் யார் இருப்பார்கள், எப்போது முடியும் என்ற நான்கையும் சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால் நன்றி சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். வற்புறுத்திச் சேர்த்தவர் மூன்றாவது வாரம் போனை எடுக்க மாட்டார்.

எனக்கு முடிச்சு ஒன்றுகூடத் தெரியாது. நான் வரலாமா?

வரலாம். பன்னிரண்டு வயது அணித் தலைவி ஒருத்தி உங்களுக்குக் கற்றுத்தருவாள். பெரியவர் ஒருவர் திணறுவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். முழுப் பொறுப்பேற்றுச் சாரண ஆசிரியராக விரும்பினால் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கிறது. அதற்கு மாவட்டச் சங்கம் வழியாகப் போகலாம். ஆனால் முதல் நாளே அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்துவதில்லை. அந்தக் காலத்து வட்டிக்கடைகளில் பெட்டியடியில் உட்காரும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, பிறகுதானே கடைப் பொறுப்புக்கு வருவார்கள்? இங்கும் அதே ஏணிதான்.

நான் சென்னையில் இருக்கிறேன், கோலாலம்பூரில் இருக்கிறேன். என்னால் என்ன முடியும்?

பணம் அனுப்பலாம் என்று உடனே சொல்வீர்கள். அதைவிட, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது உங்கள் பிள்ளையை ஒரு ஞாயிறு எங்களிடம் விடுங்கள். விருந்தாளியாக வந்த பையனுக்கு எங்கள் பிள்ளைகள் ஊருணியைக் காட்டுவார்கள். எந்தப் படியில் பாசி இருக்கிறது என்பது உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் தெரியும். முடிந்தால் வீட்டின் முன்கட்டை மழைக்காலத்தில் கூட்டம் நடத்தத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தடி உதவாது.

பணத்துக்கு என்ன செய்கிறீர்கள்? பிள்ளைக்கு எவ்வளவு ஆகும்?

வருடப் பதிவுக் கட்டணம் சிறிய தொகை. உண்மையான செலவு சீருடை. நான்கு வாரம் வெள்ளோட்டம் முடிந்து, பிள்ளைக்கே பிடித்திருக்கிறது என்று தெரியும்வரை சீருடை வாங்கவிட மாட்டோம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து ஓர் அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். யார் யாருடைய சட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரியும்.

கடைக்காரர்கள் சிலர், தர்மத்துக்கு ஒதுக்கும் மகமை போல், மாதம் சிறு தொகை ஒதுக்கித் தருகிறார்கள். வாங்குவது எளிது, கணக்குக் காட்டுவதில்தான் மரியாதை. ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எழுதிப் பழகிய மண்ணில் ‘ஏதோ செலவாகிவிட்டது’ என்ற பதில் எடுபடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கைப்பட எழுதிக் கொடுத்தவர் எல்லோருக்கும் காட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டே இரண்டு பேர் தொண்டர்களாக வந்தார்கள்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகவா இருப்பார்கள்?

ஆம். ஒன்றாக இருப்பார்கள், ஒரே சட்டியில் சமைப்பார்கள், ஒரே கூடாரத்தில் தூங்குவார்கள். இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.

பிரௌன்சீ தீவின் முதல் முகாமிலேயே பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்துதான் நான்கு அணிகள் பிரித்தார்கள். நாங்கள் அணி பிரிக்கும்போது ஒரே தெருப் பிள்ளைகள் ஓர் அணியில் குவியாதபடி பார்த்துக்கொள்கிறோம். இதனால் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. வருத்தம்தான். அதற்காக அணிகளை மாற்றவில்லை. ஒரு குடும்பம் மறு வருடம் திரும்பி வந்தது, காரணம் கேட்கவில்லை.

மதமும் அப்படியே. உறுதிமொழியில் ‘கடவுள்’ என்ற இடத்தில் விரும்பினால் ‘தர்மம்’ என்று சொல்லிக்கொள்ள இயக்கத்தின் விதியே இடம் தருகிறது.

திருவிழாக்களில் பிள்ளைகளை வேலை வாங்குகிறீர்களாமே?

தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, கொப்புளத்துக்கு மருந்து போடுவது, குப்பையைப் பொறுக்குவது இவற்றைச் செய்கிறோம். பெரியவர் மேற்பார்வையில், பகலில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கயிறு பிடித்து நிற்கும் வேலையை ஒருமுறை ஒப்புக்கொண்டோம். நெரிசலில் ஒரு பிள்ளை விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். அதன்பின் அந்த வேலையை யார் கேட்டாலும் மறுத்துவிடுகிறோம். அது காவல்துறையின் வேலை.

ஆள் சேர்க்க இது உதவுகிறதா என்றால், மிகவும். தண்ணீர் வாங்கிக் குடித்த பாட்டி ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பார். அடுத்த மாதம் தன் பேரனோடு வருவார்.

சேருகிறார்கள், ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடுகிறார்களே?

எங்களுக்கும் இதுதான் தீராத தலைவலி. முழுத் தீர்வு என்னிடம் இல்லை.

கவனித்ததைச் சொல்கிறேன். ஒரே முடிச்சை மூன்றாவது வருடமும் போடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்காது. அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அந்த அணியை உண்மையாகவே அணித் தலைவரிடம் விட்டுவிட வேண்டும். கடந்த முறை நடைப்பயணத்துக்கு எங்கே போவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நான் பிரான்மலை என்றேன். பாரியின் பறம்பு மலை, கதை சொல்லலாம் என்று எனக்கு ஆசை. அவர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்றார்கள். கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத மக்களை நேரில் பார்த்துப் பேட்டி எடுக்க வேண்டுமாம். நான் தோற்றேன். அந்தப் பயணத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒருவரும் விடுபடவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை நாங்கள் பதிவேட்டிலிருந்து அடிப்பதில்லை. ‘விடுப்பு’ என்று எழுதுகிறோம். பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் அணித் தலைவர் அவர்கள் வீட்டுக்குப் போய், மே மாத முகாமில் குருளையரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிடுவார். ‘வா’ என்பதைவிட ‘நீ இல்லாமல் ஒரு வேலை நிற்கிறது’ என்பதற்குப் பதினாறு வயது செவி சாய்க்கிறது. எல்லோரும் வருவதில்லை, பாதிப் பேர் வந்தால் எனக்கு அது நல்ல வருடம்.

புதிதாகச் சேர்க்க எது நல்ல மாதம்?

ஜூன், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். தவறினால் பொங்கல் முடிந்ததும். மழைக்கு நடுவே தொடங்காதீர்கள்.

முதல் கூட்டத்துக்குப் பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும்?

தண்ணீர் பாட்டில், தொப்பி, காலை மூடும் செருப்போ ஷூவோ, அழுக்கானாலும் அம்மா திட்டாத சட்டை. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வரட்டும். வெறும் வயிற்றோடு வந்து மயங்கியவர்கள் இருக்கிறார்கள். கைபேசி வேண்டாம். கயிறு நாங்கள் தருவோம். அழைத்துவரும் பெரியவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்போம். அவர் உட்காரப் போகும் நேரத்தில், ‘ஐயா, இந்த வருகைப் பதிவேட்டை இன்று மட்டும் கொஞ்சம் எழுதித் தருகிறீர்களா?’ என்று யாராவது கேட்பார்கள்.